கடுகு வெடிக்கிற சத்தம்

நாற்பது நிமிடம்தான். பத்து இருபதுக்கு அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார், பதினொன்றுக்கு ரிக் என்கிற சோதனை இயந்திரம் நிற்கும், நிற்பதற்குள் சோதனைத் தாளின் கடைசிக் கட்டத்தில் அவர் இரண்டு வார்த்தை எழுதுவார், அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் டீ. இதில் பயப்பட என்ன இருக்கிறது சாந்தாமணி என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் எங்கள் பிரேக் வால்வு. எங்கள் என்று சொல்லலாம். படம் வரைந்தது நான், கழுத்தை நெரித்துப் பார்ப்பது அவர். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து இந்தக் கம்பெனியில் ரிக் பொறுப்பாளர், நான் வால்வு டிசைன் பிரிவு. பதவிப்படி நான் ஒரு படி மேலே என்பதால் கேட்டைத் தாண்டியதும் அவர் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுவார். வீட்டு வாசலில் ஸ்கூட்டரை விட்டு இறங்கும் வரை மேடம்தான், இறங்கியதும் ‘ஏம்புள்ள’. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது, இரண்டு பேருக்கும் இன்னும் சலிக்கவில்லை. இதோ, கண்ணாடி வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார், எண்ணெய்ச் சூடு நாற்பது டிகிரி, எல்லாம் சரி என்று அர்த்தம். காதுக் கவசம் போட்டுக்கொண்டு, நரைத்த மீசையோடு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகம் போட வந்தவர் மாதிரி நிற்கிறார். நானும் விரலைக் காட்டுகிறேன்.

நிமிடத்துக்கு நூற்றிருபது தடவை வால்வு திறந்து மூடுகிறது. டக் டக் டக் டக். பெட்ரோல் கார் என்றால் இவ்வளவு படுத்த வேண்டியதில்லை. மின்சாரக் காரில் பிரேக்கை மிதித்தால் பாதி வேலையை மோட்டார் செய்கிறது, மீதியை எண்ணெய் செய்கிறது, இரண்டும் மாறி மாறிக் கை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் நடுவில் இந்த வால்வு ஓடி ஓடி வேலை பார்க்கிறது. கூட்டுக் குடும்பத்தில் நடு மருமகள் பாடு. அதோடு அந்தக் காரில் இன்ஜின் சத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. முன்பெல்லாம் வால்வு முனகினால் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போகும், இப்போது வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் நேராகப் போய் விழும். முனகலோடு போனால்கூடப் பரவாயில்லை. நூறு பார் அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய், முடி நுழைகிற இடைவெளியில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தால், அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று அதல பாதாளத்துக்குப் போய்விடுகிறது. எண்ணெய் அந்தக் கணத்திலேயே கொதித்துக் குட்டிக் குட்டிக் குமிழியாகிறது, அடுத்த கணம் அழுத்தம் திரும்பி வந்ததும் குமிழி உடைகிறது. உடைவது சும்மா உடைவதில்லை, இரும்பில் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் உடைகிறது. லட்சம் குத்து, கோடி குத்து. கடைசியில் வால்வு உட்காருகிற சீட்டில் ஊசிமுனைக் குழிகள் விழுந்து, மூட வேண்டிய வால்வு முழுக்க மூடாது. பிரேக் மிதி மெதுவாக உள்ளே இறங்கும், யாரோ ஒருவர் பள்ளிக்கூட வாசலிலோ ரயில்வே கேட்டிலோ ஒரு அடி தள்ளிப் போய் நிற்பார். ஒரு அடி. நான் இந்த ஒரு அடிக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று தோன்றும். இதற்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, எங்கள் லேபில் யாரும் அதைச் சொல்வதில்லை. நான் சேர்ந்த புதிதில் என் முதல் வால்வை மாட்டிவிட்டு, நீளத் திருப்புளியின் முனையை வால்வு மேல் வைத்து, மரக் கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் ஒருவர். கேட்டுவிட்டு, “உங்க வால்வுல கடுகு வெடிக்குதுங்க மேடம்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது, யார் இந்த ஆள் என்று. அந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து லேபில் அதற்குக் கடுகு என்றுதான் பெயர்.

எட்டு நிமிடம். திரையில் பச்சைக் கோடு தண்டவாளம் போல நேராக ஓடுகிறது. வால்வு மேல் மெழுகு வைத்து ஒட்டிய சென்சார் சொல்கிற கதை அது, உள்ளே கடுகு வெடித்தால் கோடு புல் முளைத்த மாதிரி முள் முள்ளாக எழும்பும். ஆனால் இங்கே யாரும் கோட்டை நம்புவதில்லை, கட்டத்தைத்தான் நம்புவார்கள். தாளின் கடைசிக் கட்டம், ‘காதால் கேட்டது’. அது அச்சடித்த தாளில் முதலில் இல்லை. பல வருஷம் முன்னால் ஒரு சோதனையில் சென்சார் சுத்தமான கோடு காட்டியது, இவர் மட்டும் கடுகு வெடிக்கிறது என்று ஒற்றைக் காலில் நின்றார், வால்வை அறுத்துப் பார்த்தால் உள்ளே அம்மை போட்ட முகம். அப்போதிருந்த மேலாளர் ஸ்கேல் வைத்துப் பேனாவால் ஒரு கட்டம் வரைந்தார், அடுத்த மாதம் அது அச்சிலேயே வந்துவிட்டது. இப்போதுள்ள எட்வின் சார்கூட முதலில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் புரட்டுவார். சத்தம் இல்லை, அல்லது சத்தம் உண்டு. நாச்சிமுத்து எழுதினால் எழுதியதுதான். எனக்கு அதில் எவ்வளவு பெருமை. எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். கவசத்தைக் கழற்றிவிட்டுத்தான் அவர் கேட்பார், கழற்றாமல் எப்படிக் கேட்பது, ஒவ்வொரு சோதனைக்கும் பத்து நிமிடம், இருபத்தாறு வருஷம். அந்தக் கணக்கை நான் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. வால்வுக்கு எத்தனை குத்து என்று எண்ணத் தெரிந்தவளுக்கு அந்தக் காதுக்கு எத்தனை குத்து என்று எண்ணத் தோன்றவில்லை.

கடுகு. மறுபடியும் கடுகுக்கே வருகிறேன். எங்கள் வீட்டில் தாளிப்பது அவர்தான். குழம்பை நான் கொதிக்க வைப்பேன், பொரியலை நான் கிளறுவேன், ஆனால் தாளிப்புக் கரண்டியை என்னைத் தொட விட மாட்டார். “நீ கடுகைப் பாத்துத் தாளிக்கற புள்ள, கேட்டுத் தாளிக்கோணும்” என்பார், பெரிய சங்கீத வித்வான். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பார், முதல் கடுகு வெடித்து, கடகடவென்று சேர்ந்து வெடித்து, அடங்கி, கடைசி இரண்டு மூன்று ஒன்றொன்றாக வெடிக்கும்போது திரும்பி உளுந்தைப் போடுவார். ஒரு நாளும் தப்பியதில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் ரசத்தில் கருகிய வாசனை. நினைப்பு எங்கேயோ போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும். அதற்கு அடுத்த வாரம் தேங்காய்ச் சட்னியில் கறுப்புக் கறுப்பாக, நாக்கில் கசப்பு. “எப்படியிருக்குது?” என்றார். “நல்லாருக்குதுங்க” என்றேன். அதை ஏன் சொன்னேன்? அன்றே, அந்தத் தட்டுக்கு முன்னாலேயே, “ஏனுங்க, கடுகு கருகிப் போச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. மூன்று மாதமாகக் கருகிய கடுகைத் தின்றுகொண்டிருக்கிறேன். சட்னிக் கடுகை ஒதுக்கிவைத்தால் தெரிந்துவிடும் என்று மென்று விழுங்குகிறேன். போனை இடது காதில் வைப்பவர் இப்போது வலது காதில் வைக்கிறார். ரோட்டில் நடக்கும்போது எப்படியோ நைசாக என் இடப்பக்கம் வந்துவிடுகிறார், அவர் வலது காது என் பக்கம் இருக்கும்படி. திருச்சியில் படிக்கிற எங்கள் மகள் மிருதுளா போன வாரம் போனில், “அப்பாகிட்ட என்ன சொன்னாலும் ம் ம்னே சொல்றாருமா, சேமியாவைப் பத்திப் பேசறேனா, புண்ணாக்கைப் பத்திப் பேசறேனான்னுகூட அவருக்குத் தெரியல” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பதினேழு நிமிடம், எண்ணெய் அறுபது டிகிரி. அவர் குனிந்து குழாய் மூட்டுகளைத் துணியால் தொட்டுப் பார்க்கிறார், கசிவு இருக்கிறதா என்று, குழந்தைக்கு மூக்கைத் துடைக்கிற மாதிரி. என்ன ஆள் இவர். இந்த ஆளுக்காக நான் ஒரு பொய் எழுதினேன். போன மாதம் இதே வால்வின் பழைய வடிவம் ஓடியது. கோட்டில் புல் முளைத்தது, நன்றாகவே முளைத்தது, என் கண்ணால் பார்த்தேன். அவர் திருப்புளியை வலது காதில் வைத்தார். எப்போதும் இடது, அன்று வலது, அதையும் பார்த்தேன். கட்டத்தில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதினார், அந்த வட்ட வட்டமான கையெழுத்து. நான் என்ன செய்தேன்? சென்சார் மெழுகு இளகியிருக்கும் என்று பக்கத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அது பொய் இல்லை, நிஜமாகவே நம்பினேன், அந்தக் காதைவிட எனக்கு எந்தக் கருவி பெரிது? நான்கு நாள் கழித்து வால்வை அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் தெரிந்தது. சீட்டைச் சுற்றிலும் குழி. அப்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். குழிக்குக் காரணமாக, பிரேக் ஆயிலில் காற்று கலந்திருந்தது என்று எழுதினேன். எழுதுவது எவ்வளவு சுலபம், நான்கு வார்த்தை. எண்ணெய் ஸ்டோரைப் பார்க்கிற ஆரோக்கியராஜை எட்வின் சார் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார், “டப்பாவைத் திறந்து போட்டுட்டுப் போனியாய்யா?” என்று. அந்த மனிதர் மூன்று நாள் டேங்கைக் கழுவிக் காயவைத்து மறுபடி நிரப்பினார். “நான் மூடித்தான் வெச்சேன் மேடம், மாதா மேல சத்தியமா” என்று என்னிடம் வந்து சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் வந்து சொன்னார். நான் “சரி விடுங்க அண்ணா” என்றேன். சரி விடுங்க அண்ணாவாம். அந்த வாயில் எதையாவது வைத்து அடைக்க வேண்டும்.

சொல்லிவிட வேண்டியதுதானே. எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாயிற்று. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் சொல்வேன், ஏனுங்க, ஒருவாட்டி காது டாக்டரைப் பார்த்துட்டு வரலாமுங்களா. அதற்கு அடுத்த வரி வராது. அவரிடமிருந்து ரிக்கை எடுத்துக்கொள்ளலாம், பதவியை எடுத்துக்கொள்ளலாம், ஒரு புன்னகையோடு கொடுத்துவிடுவார். அந்தக் கட்டத்தை எப்படி எடுப்பது? ஒரே அடியாகச் சொன்னால் உள்ளே என்னவெல்லாம் உடையும் என்று எனக்குத் தெரியும், அதைத் தவிர்க்கிற வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. புது வால்வில் நான் செய்ததும் அவ்வளவுதான். முன்பு எண்ணெய் நூறிலிருந்து ஒரே குதியாகக் குதித்தது, இப்போது நடுவில் ஒரு படி வைத்திருக்கிறேன், நூறிலிருந்து முப்பது, அங்கே ஒரு மூச்சு, முப்பதிலிருந்து கீழே. சீட்டின் கூர்மையான விளிம்பை வளைத்து மழுக்கினேன். குமிழி பிறக்க அவகாசம் கொடுக்காமல் மெல்ல இறக்கிவிடுவது. எண்ணெய்க்குப் படி வெட்டத் தெரிந்தது, கட்டினவரிடம் ஒரு வார்த்தை சொல்லப் படி வெட்டத் தெரியவில்லை. முதல் படியாகக் கடுகைச் சொல்லியிருக்கலாம். காதைச் சொல்லவே வேண்டாம், கடுகை மட்டும். அடுத்த வாரம் மிருதுளா சொன்னதை. அதற்கு அடுத்த வாரம் டாக்டரை. மூன்று மாதம் போய்விட்டது, ஒரு படிகூட இறங்கவில்லை, இப்போது தாள் வந்து முன்னால் நிற்கிறது. இன்றைக்குக் கட்டத்தில் ‘சத்தம் இல்லை’ என்று விழுந்தால் நாளைக் காலையில் இந்த வால்வு பத்து வண்டியில் ஏறும். பத்து வண்டியும் ரோட்டில் ஓடும், நிஜமான ரோட்டில், நிஜமான பள்ளிக்கூட வாசலில். அதனால்தான் கோடு நேராகவே போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கோடும் நேராக இருந்து அவரும் ‘இல்லை’ என்று எழுதினால் எந்தப் பொய்யும் இல்லை, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதும் இல்லை. மருதமலை முருகா, இன்னும் பதினைந்து நிமிடம் அந்தக் கோட்டைப் பிடித்து வைத்துக்கொள், உனக்கு வேறென்ன பெரிய வேலை.

முப்பத்து மூன்று. எண்ணெய் எண்பது டிகிரியைத் தொட்டுவிட்டது. சூடான எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், இந்தக் கடைசி நிமிடங்கள்தான் சோதனையே. கோட்டில் ஏதோ அசைந்ததா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிறேன். அசைகிறது. போன மாதம் முளைத்த புல்வெளி இல்லை, அங்கே ஒன்று இங்கே ஒன்றாக ஒரு முள். மெழுகு இளகியிருக்கலாம். சீ. மெழுகு இளகவில்லை, காலையில் நானே புதிதாக வைத்து ஒட்டினேன். உடனே மனசு ஒரு காரியம் செய்கிறது பாருங்கள், எனக்கே கூச்சமாக இருக்கிறது. இது அவருக்குக் கேட்காது. ஒரு சட்டி கடுகே கேட்காதவருக்கு இரண்டு கடுகா கேட்கப்போகிறது? ‘சத்தம் இல்லை’ என்று எழுதுவார், எட்வின் சார் கட்டத்தைத்தான் பார்ப்பார், என் வால்வு ஜெயித்துவிடும், எட்டு மாத உழைப்பு, நடுராத்திரியில் எழுந்து வரைந்த படிகள். போன மாதம் அவர் காதை நம்பிக் கெட்டேன். இந்த மாதம் அவர் காது கேட்காது என்று நம்பி ஜெயிக்கப் பார்க்கிறேன். மூன்று மாதம் கடுகை மென்று விழுங்கியது அவர் மனசு நோகக் கூடாது என்றுதானே? அதெல்லாம் அன்புதானே? அப்படியென்றால் இது என்ன? இந்த எண்ணம் வந்ததும் உடம்பு முழுக்கக் குப்பென்று வேர்க்கிறது. ஏசி ஓடுகிறது, வேர்க்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காதுக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். சுவரிலிருந்து நீளத் திருப்புளியை எடுக்கிறார், சட்டைத் துணியில் முனையைத் துடைக்கிறார். துடைத்துவிட்டு வால்வைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார். கையை ஆட்டுகிறார். வா என்று.

நானா? ரிக் ஓடும்போது அந்த அறைக்குள் இரண்டாவது ஆளை அவர் விட்டதே இல்லை. எழுந்திருக்கிறேன், நாற்காலி பின்னால் போய் மோதுகிறது, கதவைத் தள்ளினால் சூடும் எண்ணெய் வாடையும் சத்தமும் ஒன்றாக முகத்தில் அடிக்கிறது. அவர் திருப்புளியை என்னிடம் நீட்டுகிறார், மரக் கைப்பிடி என் பக்கம்.

“நீ கேளு” என்கிறார். மேடம் இல்லை. கம்பெனி கேட்டுக்குள்ளே முதல் தடவையாக மேடம் இல்லை.

“நானுங்களா? நீங்கதானே எப்பவும்...”

“மூணு மாசமாக் கருகின கடுகைத் தின்னுட்டு நல்லாருக்குது நல்லாருக்குதுங்கறயே. எப்பத்தான் புள்ள சொல்லுவே?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“காதுதான் போச்சு. நாக்கு இருக்குதல்ல?” என்று சிரிக்கிறார். சிரிக்கிற கண்ணில் தண்ணீர் நிற்கிறது, எண்ணெய்ப் புகைதான் என்று அவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். “போன மாசம் வால்வை அறுத்துத் தந்தது நானுதான். குழியைப் பாத்துட்டுத்தான் உன்ற டேபிள்ல வெச்சேன். நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன். நீ வரலே. எனக்கும் வாய் வரலே. கேளு, எண்ணெய் ஆறிப்போகும்.”

அப்படியென்றால் அவரும்தான். அவரும் கருகியது தெரிந்தே தாளித்து, தெரிந்தே பரிமாறி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், இவள் இன்றைக்காவது சொல்வாளா என்று. இரண்டு முட்டாள்கள் ஒரு ரசத்தை நடுவில் வைத்துக்கொண்டு. முனையை வால்வு மேல் வைக்கிறேன், நழுவுகிறது, அவர் கை வந்து பிடித்து நிறுத்துகிறது. கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்துகிறேன். மரம் வழவழவென்று இருக்கிறது, இருபத்தாறு வருஷம் அவர் காது தேய்த்த மரம். கண்ணை மூடுகிறேன். டக் டக் டக் டக். அதற்கு அடியில் எண்ணெய் போகிற ஒரு சீறல். அதற்கும் அடியில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அட, ஒன்றுமே இல்லையா என்று நெஞ்சு கொஞ்சம் எழும்பும்போது, டிக். நிறுத்தி, மறுபடியும், டிக் டிக். சட்டியில் எல்லாம் வெடித்து அடங்கிய பிறகு கடைசியாக மிச்சமிருக்கிற இரண்டு மூன்று. கண்ணைத் திறக்கிறேன். அவர் வால்வைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், திருப்புளி வைத்துக் கேட்பதுபோல. இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவார். நம்புவதற்கு அவருக்கு இப்போது என்னை விட்டால் ஆள் கிடையாது. அவருடைய வலது காதருகே போகிறேன்.

“இருக்குதுங்க. அங்கொண்ணு இங்கொண்ணு. கடைசிக் கடுகு.”

“நெசமா?”

“நெசமா.”

ஒரு பெரிய மூச்சு விடுகிறார். “முன்ன சட்டி நெறைய வெடிச்சுது. இப்ப கடைசிக் கடுகுக்கு வந்திருக்குது. இன்னொரு படி வெட்டு, தீந்தது” என்று சொல்லி, தாளையும் பேனாவையும் என் கையில் வைக்கிறார். ‘காதால் கேட்டது’. என் கையெழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, கோணல்மாணலாக வெளியே வழிகிறது. சத்தம் உண்டு. நாளைக்கு வால்வு எந்த வண்டியிலும் ஏறாது, எட்வின் சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், எட்டு மாதம் பத்து மாதமாகும். ஆகட்டும். பதினோரு மணிக்கு ரிக் தானாக நிற்கிறது. திடீர் அமைதியில் என் காது ங்ங் என்கிறது.

“போன மாச ரிப்போர்ட்டுல எண்ணெய் மேல பழி போட்டுட்டனுங்க. திருத்தி எழுதோணும்” என்கிறேன்.

“எண்ணெய் என்ன பண்ணுச்சு, பாவம். ஆரோக்கியராஜுதான் மூணு நாளு கழுவிட்டுக் கெடந்தான். டீக்கு அவனைக் கூப்புடு, நான் சொல்றேன், என்ற காதுதான்னு.”

“நானும் வர்றனுங்க. எழுதுனது நானு.”

தலையை ஆட்டிவிட்டுத் திருப்புளியைத் துடைத்து ஆணியில் மாட்டுகிறார். இருபத்தாறு வருஷம் மாட்டிய அதே ஆணியில், ஒரு கணம் கையை எடுக்காமல் நிற்கிறார். எனக்கு இந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நினைக்கிறேன். எதையாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, பெரிதாக ஒன்றும் வரவில்லை, கடுகுதான் வருகிறது.

“நாளைக்குத் தாளிக்கறப்ப நான் பக்கத்துல நிக்கறனுங்க. கடைசிக் கடுகு வெடிச்சதும் தோளைத் தட்டறேன். உளுந்து போடுங்க.”

அவர் திரும்பவில்லை. ஆணியிலிருந்த கையை எடுத்து, துணியை மடிக்கிறார். நான் நிற்பது அவருடைய இடப்பக்கம். ரிக்கைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் மறுபடியும் சொல்கிறேன்.